லாபத்தில் ஓடுவதை ஏன் விற்கிறார்கள்?

வாசகர் கேள்வி, ஜூன் 2

அரசின் வேலை ஆட்சி நடத்துவது, வியாபாரம் செய்வது இல்லை. நட்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களை விற்றுவிட்டால் வரிப்பணம் மிச்சம், சேவையும் ஒழுங்காகும். எதிர்ப்பவர்கள் எல்லாம் அங்கே சம்பளம் வாங்குகிற சங்கத்துக்காரர்கள்தான். இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 3

அங்கே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் நானே சொல்கிறேன். ஓர் அரசுத் தொலைபேசி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 16 ஆண்டுகள் இருந்தேன். அது தனியார் கைக்குப் போன பிறகும் 4 ஆண்டுகள் அதே மேசையில் வேலை பார்த்தேன். விற்பனைக்கு முன்பும் பின்பும் கணக்கைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் ஒட்டுதல் அதிகம்.

நட்டத்தில் ஓடுவதைத்தான் விற்கிறார்கள் என்பது முதல் தவறு. நட்டத்தில் ஓடுவதை யார் வாங்குவார்கள்? ஏலத்துக்கு வருகிறவர் லாபம் வரும் இடத்துக்குத்தான் வருவார். எங்கள் நிறுவனம் விற்கப்பட்ட ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் லாபம்தான், அரசுக்கு ஈவுத்தொகை போய்க்கொண்டிருந்தது. 1984 நவம்பரில் பிரிட்டிஷ் டெலிகாமின் 50.2 சதவீதப் பங்குகளைத் தாட்சர் அரசு விற்றபோதும் அது நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் இல்லை. அரசுக்கு அந்த ஆண்டு பணம் தேவைப்பட்டால் விற்கக்கூடியதை விற்கிறது. நட்டத்தில் இருப்பதை விற்க முடியாது, லாபத்தில் இருப்பதை விற்க முடியும்.

இன்னொன்று: எங்கள் நிறுவனத்தில் விற்பனைக்குப் பிறகு ஒருவரைக்கூட வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு நிபந்தனை இருந்தது. ஆகவே சங்கத்துக்காரர்கள் வேலைக்குப் பயந்துதான் கத்துகிறார்கள் என்ற கணக்கும் முழுதாகச் சரியில்லை.

ஜூன் 3, இரவு

"அப்படியானால் உங்கள் நிறுவனம் அவ்வளவு நன்றாக நடந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மறைக்க ஒன்றுமில்லை.

நான் சேர்ந்த புதிதில் காத்திருப்போர் பட்டியல் என் பொறுப்பில்தான் இருந்தது. வீட்டுக்கு ஓர் இணைப்பு வேண்டுமென்றால் 6 ஆண்டுகள், சில பகுதிகளில் 8 ஆண்டுகள். விண்ணப்பித்தவர் இறந்துபோய், மகன் வந்து பெயர் மாற்றிக்கொண்டு போனதை என் கையாலேயே பதிந்திருக்கிறேன். அதே அறையில் இன்னொரு கோப்பு இருந்தது. மந்திரி அலுவலகத்திலிருந்தும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்தும் வரும் சிபாரிசுக் கடிதங்கள் அதில் சேரும். அந்தக் கோப்பில் பெயர் இருந்தால் இரண்டு வாரத்தில் மணி அடிக்கும். யாருக்குத் தருவது, யாரைக் காக்க வைப்பது என்பதுதான் அங்கே அதிகாரம். அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியர் கவுன்டருக்கு முன்னால் நின்று "எனக்கு யாரையும் தெரியாதே" என்றார். அவர் கோபப்படக்கூட இல்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆக, அரசு கையில் இருப்பதே மக்கள் கையில் இருப்பதற்குச் சமம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஜூன் 5

மேலே உள்ள இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால் என் வாதம் புரியும். ஒரு நிறுவனம் விற்கப்படுமா இல்லையா என்பதை லாப நட்டம் தீர்மானிப்பதில்லை. அது இருப்பதால் யார் சாப்பிடுகிறார்கள், அது போனால் யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

இதற்குச் சிலி நாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1973 இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ ஜெனரல் பினோசே கண்ணில் பட்டதையெல்லாம் தனியாருக்குக் கொடுத்தார். தனியார்மயத்துக்கு உலகமே பாடம் படிக்கப்போன நாடு அது. ஆனால் அவருக்கு முன் ஆண்ட அயெந்தே காலத்தில், 1971 இல், நாடாளுமன்றம் ஒருமனதாக வாக்களித்து நாட்டுடைமையாக்கிய பெரிய செப்புச் சுரங்கங்களை மட்டும் அவர் தொடவில்லை. அவற்றைச் சேர்த்து 1976 இல் கோடெல்கோ என்ற அரசு நிறுவனமாக்கினார், இன்றுவரை அது அரசுடையது. ஏன்? செம்பு விற்ற பணத்தில் 10 சதவீதம் சட்டப்படி நேராக ராணுவத்துக்குப் போயிற்று. அந்தச் சட்டத்தை நீக்க 2019 ஆயிற்று. தன் படையின் சோற்றுத்தட்டை ஒரு ஜெனரல் விற்பாரா? அதே ஆட்சியில் சோகிமிச் என்ற நைட்ரேட் நிறுவனம் தனியாருக்குப் போனது, 1987 இல் அதன் தலைமைக்கு வந்தவர் பினோசேயின் அப்போதைய மருமகன்.

கொள்கை என்று ஒன்று இருந்திருந்தால் இரண்டும் ஒரே வழியில் போயிருக்க வேண்டும்.

ஜூன் 6

திருத்தம். "நட்டத்தில் இருப்பதை விற்க முடியாது" என்று 3ஆம் தேதி எழுதினேன். ஏர் இந்தியாவை நினைவூட்டியிருக்கிறீர்கள். சரிதான், அவசரப்பட்டுவிட்டேன்.

ஆனால் அது எப்படி விற்றது என்று பாருங்கள். 2018 இல் ஏலத்துக்கு விட்டபோது ஒருவரும் வரவில்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில் மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா கேட்ட விலை 18,000 கோடி. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது, கையில் ரொக்கமாக 2,700 கோடி. மிச்சம் 46,262 கோடிக் கடன் அரசு தனியாக வைத்திருந்த இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது கடனில் முக்கால் பங்கு அரசு தலையிலேயே நின்றது. நட்டத்தில் இருப்பதை விற்கலாம், ஆனால் கடனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விற்க முடியும். என் வாக்கியத்தை இப்படி மாற்றிப் படியுங்கள்.

இதைச் சொல்வதால் அந்த விற்பனை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் பணம் கொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்த வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. "விற்பனையால் இவ்வளவு வரவு" என்று தலைப்பில் வரும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

ஜூன் 9

பிரிட்டனைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். அங்கே பணத்துக்காக மட்டும் விற்றார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தாட்சருக்குப் பணம் தேவைதான். ஆனால் அதைவிட வாக்காளர் தேவை. பிரிட்டிஷ் டெலிகாம் பங்கை 20 லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள், அதில் பலர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பங்கு வாங்கியவர்கள். 1986 இல் பிரிட்டிஷ் கேஸை விற்றபோது "சிட்டிடம் சொல்லுங்கள்" என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். சிட் என்பவர் பக்கத்து வீட்டுச் சாதாரண ஆள். வாடகைக்கு இருந்த நகராட்சி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்றதும் இதே கணக்குத்தான். கையில் பங்கும் வீடும் உள்ள குடும்பம், நாளை அதைத் திரும்ப அரசுடைமையாக்குவோம் என்று வரும் கட்சிக்கு ஓட்டுப்போடத் தயங்கும். பங்கின் விலையைச் சற்றுக் குறைத்து வைப்பதில் இந்த அரசியல் இருக்கிறது. வாங்கியவர் முதல் நாளே லாபம் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் பின்னாளிலும் போகவில்லை. 2013 இல் ராயல் மெயில் பங்கு 330 பென்ஸுக்கு விற்கப்பட்டது, முதல் நாள் முடிவில் 455 பென்ஸ். அந்த இடைவெளி முழுவதும் அரசுக் கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். இத்தனைக்கும் அதன் ஓய்வூதியப் பொறுப்பை முந்தைய ஆண்டே அரசு ஏற்றுக்கொண்டிருந்தது.

1989 இல் இங்கிலாந்தின் தண்ணீர் நிறுவனங்களை விற்பதற்கு முன்னும் சுமார் 5 பில்லியன் பவுண்டு பழைய கடனை அரசு தள்ளுபடி செய்தது. கடனே இல்லாமல் கைமாறிய நிறுவனங்களில் தேம்ஸ் வாட்டரும் ஒன்று. இன்று அதன் கடன் 15 பில்லியன் பவுண்டைத் தாண்டி நிற்கிறது. குழாய் ஒன்றுதான், வேறு கம்பெனியிடம் தண்ணீர் பிடிக்க முடியாது. போட்டியே இல்லாத தொழிலை விற்றால் ஏகபோகம் அப்படியே இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது.

ஜூன் 9, சற்றுப் பின்

ஏகபோகம் என்றதும் மெக்சிகோ. அரசுத் தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸை 1990 இல் தொழிலதிபர் கார்லோஸ் ஸ்லிம் குழுவுக்கு விற்றபோது, வெளியூர் அழைப்புகளில் பல ஆண்டுகளுக்குப் போட்டியாளர் வரமாட்டார் என்ற உறுதியும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த உறுதி இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும். நல்ல விலை வாங்கிவிட்டோம் என்று நிதியமைச்சகம் மகிழ்ந்தால், அந்த விலையை மாதாமாதம் பில்லில் கட்டப்போவது யார் என்று கேளுங்கள்.

ஜூன் 10

"சங்கத்தை உடைக்கத்தான் விற்கிறார்கள் என்பது இடதுசாரிக் கற்பனை" என்று ஒரு நண்பர். ஜப்பானைப் பாருங்கள் நண்பரே. 1987 இல் தேசிய ரயில்வே ஆறு பயணி நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டது. கடன் 37 டிரில்லியன் யென், அது உண்மையான நோய்தான். ஆனால் ரயில்வே சங்கமான கொகுரோவையும் அதன் வழியே பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பையும் உடைப்பது தன் நோக்கங்களில் ஒன்று என்று அப்போதைய பிரதமர் நாகசோனேவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 1989 இல் அந்தக் கூட்டமைப்பு கலைந்தது.

அதே சமயம், அந்தப் பிரிவினைக்குப் பிறகு டோக்கியோ பக்கத்து ரயில்கள் நன்றாக ஓடின, லாபமும் வந்தது. இரண்டும் உண்மை. ஆள் நெருக்கம் இல்லாத ஹொக்கைடோவிலும் ஷிகோகுவிலும் உள்ள நிறுவனங்களை இன்னும் விற்க முடியவில்லை, அவை அரசுப் பங்காகவே இருக்கின்றன.

அப்புறம், பின்னாளில் ஜப்பான் பிரதமரான கொய்சுமி. அஞ்சல் துறை அங்கே வெறும் கடிதம் கொடுக்கும் துறை இல்லை. சேமிப்பும் காப்பீடும் சேர்ந்து உலகின் மிகப் பெரிய பணக்குவியல்களில் ஒன்று. அந்தப் பணத்தில்தான் சாலையும் பாலமும் போடப்பட்டன, ஒப்பந்தக்காரர்கள் வாழ்ந்தார்கள். சிற்றூர் அஞ்சல் அதிபர்கள் ஆளுங்கட்சிக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுப்பவர்கள். ஆகவே அஞ்சல் துறையைத் தனியார்மயமாக்கும் மசோதாவை எதிர்த்தது எதிர்க்கட்சி மட்டுமில்லை, கொய்சுமியின் சொந்தக் கட்சிக்காரர்களும்தான். 2005 ஆகஸ்ட் 8 அன்று மேலவை அதைத் தோற்கடித்தது. அவர் அன்றே கீழவையைக் கலைத்தார். எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சிக்காரர்களுக்குச் சீட்டு மறுத்து, அவர்கள் தொகுதியிலேயே புதிய வேட்பாளர்களை நிறுத்தினார். செப்டம்பர் 11 தேர்தலில் 296 இடம் பிடித்து, அக்டோபரில் அதே மசோதாவை நிறைவேற்றினார். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும், மறைக்காமல் சொல்கிறேன். விற்பதா வேண்டாமா என்பதை நேராக மக்கள் முன் வைத்துத் தேர்தல் நடத்திய ஆட்சியாளர்கள் உலகத்தில் மிகக் குறைவு. பெரும்பாலும் தேர்தல் முடிந்த முதல் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

ஜூன் 11

இதற்கு நேர் எதிரானது வேண்டுமா? 1992 மார்ச்சில் அர்ஜென்டினா நாடாளுமன்றத்தில் அரசு எரிவாயு நிறுவனத்தை விற்கும் மசோதாவுக்கு உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லை. உறுப்பினரே அல்லாத ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து எண்ணிக்கையை நிரப்பினார். செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள், வாக்கெடுப்பு செல்லாது என்றானது. சில மாதங்களிலேயே விற்பனை நடந்துவிட்டது என்பதுதான் கதையின் மறுபாதி.

ஜூன் 12

இன்று நான் எழுத நினைத்தது நிலம் பற்றி. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

விற்பனை முடிவான பிறகு மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். நிலையான சொத்துப் பதிவேடு என் மேசையில் இருந்தது. அதில் நிலம் எந்த விலைக்கு எப்போது வாங்கப்பட்டதோ அந்த விலையிலேயே இருக்கும். கட்டடத்துக்குத் தேய்மானம் போடுவோம், நிலத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. 40 ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வெளியே வாங்கிய இடம் இப்போது நகரத்தின் நடுவில் இருக்கும், பதிவேட்டில் அதன் மதிப்பு ஒரு பழைய ஜீப்பின் விலைக்கும் கீழே இருக்கும்.

மதிப்பீட்டாளர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவர்கள் நிறுவனத்தின் விலையை வேறு வழியில் போட்டார்கள்: வரும் ஆண்டுகளில் எவ்வளவு வருமானம் வரும், அதன் இன்றைய மதிப்பு என்ன என்று. அந்த முறையில், தொழிலுக்குப் பயன்படும் நிலம் தனியாக எண்ணப்படாது, அது வருமானத்துக்குள் அடக்கம். சும்மா கிடக்கும் நிலத்தை மட்டும் தனியாக மதிப்பிட வேண்டும். ஆகவே பதிவேட்டில் "பயன்பாடு" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம். பட்டியலை முடிக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். மூன்று மனைகளுக்கு எதிரே "கேபிள் கிடங்கு" என்று இருந்தது. அங்கே பல ஆண்டுகளாகக் கேபிள் கிடையாது, புல்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். மேலே கேட்டேன், பழைய பதிவை மாற்ற நேரமில்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். கைமாறி மூன்றாவது ஆண்டில் அந்த மூன்றும் உபரி நிலம் என்று விற்கப்பட்டன.

யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. அவசரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அரசு நிறுவன விற்பனை என்றால் பெட்டிப்பணம் கைமாறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த இழப்பு ஒரு கட்டத்தில் இரண்டு சொல்லாக இருந்தது.

ஜூன் 13

"நிலத்தைச் சேர்க்காமல் விற்றால் விலையும் குறையும், இதில் நட்டம் எங்கே?" நல்ல கேள்வி. நிலத்தைத் தனி நிறுவனமாக்கி அரசு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்புகளைக் கவனித்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 2002 இல் டாடாவுக்குப் போனபோது 773 ஏக்கர் உபரி நிலத்தை அப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பிரித்து முடிக்க 2019 ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது, பின்னால் நின்று முடிக்க ஆள் வேண்டும்.

மதிப்பீடு எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி. அங்கே மொத்த ஆலைகளையும் விற்க ட்ரோய்ஹாண்ட் என்ற அமைப்பை 1990 இல் உருவாக்கினார்கள், சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்த ஆலைகள். கையிலிருப்பது 600 பில்லியன் மார்க் மதிப்பு என்று தொடக்கத்தில் அதன் தலைவர் ரோவெடர் சொன்னார். 1991 ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1994 இறுதியில் கடையைக் கட்டும்போது கணக்கு: 256 பில்லியன் மார்க் நட்டம். இதில் எல்லாமே திருட்டு இல்லை. 1990 ஜூலையில் கிழக்கு மார்க்கை மேற்கு மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிய அன்றே அந்த ஆலைகளின் சம்பளச் செலவு அவற்றின் சரக்கு தாங்காத அளவுக்குப் போய்விட்டது. அதுவும் தேர்தல் வாக்குறுதிதான்.

ஜூன் 13, மாலை

பங்குகளை எல்லாக் குடிமக்களுக்கும் இலவசமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று கேட்கிறீர்கள். ரஷ்யா 1992 இல் செய்தது. ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு சீட்டு. விலைவாசி பற்றி எரிந்த காலம், கைக்கு வந்ததை விற்று வீட்டுச் செலவு பார்த்தார்கள், வாங்கிச் சேர்த்தவர்கள் ஆலைகளைப் பிடித்தார்கள். 1995 இல் இன்னும் மோசம். அரசு வங்கிகளிடம் கடன் வாங்கி, பெரிய நிறுவனங்களின் பங்கை ஈடு வைத்தது, கடனைத் திருப்பவில்லை, ஈடு மூழ்கியது. நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் 17 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தை நடத்திய வங்கியே ஜெயித்தது, அதைவிட இரு மடங்குக்கும் மேல் கேட்ட ஏலம் ஏற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அதிபர் யெல்ட்சினுக்குத் தேர்தல். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 16

மூன்று நாள் எழுதவில்லை. எங்கள் லைன்மேன் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். 30 ஆண்டு வேலை பார்த்தவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

விற்பனைக்கு ஓராண்டு முன்னால் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆள் எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பது கணக்கு. நாங்கள் எதிர்பார்த்தது வேலை செய்யாதவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போவார்கள் என்று. நடந்தது தலைகீழ். வெளியே வேலை கிடைக்கும் என்ற தைரியம் உள்ளவர்கள்தான் முதலில் எழுதிக் கொடுத்தார்கள், அதாவது வேலை தெரிந்தவர்கள். அண்ணனும் போனார்.

நிலத்தடிக் கேபிள் எங்கே வளைகிறது, எங்கே பழைய இணைப்பு இருக்கிறது, எந்த மேன்ஹோலில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அலுவலக வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மீதி அவருடைய சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில். அவர் போன அடுத்த மழைக்காலத்தில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்க நான்கு இடத்தில் சாலையைத் தோண்டினார்கள். அந்தச் செலவுச் சீட்டுகள் என் மேசைக்குத்தான் வந்தன. நோட்டை யாராவது கேட்டார்களா என்று இப்போது அவரிடம் கேட்டேன். "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே தம்பி" என்றார். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். பென்சில் கோடுகள் மங்கிவிட்டன.

பிரிட்டனில் ரயில் பாதைகளை ரெயில்டிராக் என்ற நிறுவனமாக்கி 1996 இல் பங்குச்சந்தையில் விற்றார்கள். பராமரிப்பு முழுக்க வெளி ஒப்பந்தக்காரர்களிடம். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டு அருகே தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்தது, 4 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, மாற்றவில்லை. இன்னும் எங்கெங்கே இப்படி விரிசல் இருக்கிறது என்று நிறுவனத்துக்கே உறுதியாகத் தெரியவில்லை என்பது விபத்துக்குப் பிறகுதான் புரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ரயில்களை மெதுவாக ஓட்ட உத்தரவிட்டார்கள். அடுத்த ஆண்டு ரெயில்டிராக் நொடித்தது, 2002 இல் பாதைகள் அரசின் பொறுப்பிலுள்ள நெட்வொர்க் ரெயிலுக்கு வந்தன. பாதையைத் தெரிந்தவர்களை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் வைத்திருந்தார்கள். அண்ணன் நோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஹாட்ஃபீல்டுதான் மனதில் ஓடுகிறது.

ஜூன் 17

"அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப அரசே எடுக்க வேண்டும், அவ்வளவுதானே?" அவ்வளவு இல்லை.

பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 1999 இல் தண்ணீர் விநியோகத்தை ஒரே ஒரு ஏலதாரருக்கு 40 ஆண்டுக்குக் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஒரு சிறுவன் சுடப்பட்டு இறந்தான், 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய், 2006 இல் பெயருக்கு இரண்டு பொலிவியானோ பெற்றுக்கொண்டு வழக்கை விட்டது. அந்தப் போராட்டத்தை நான் என்றும் மதிப்பேன். ஆனால் திரும்ப வந்த நகராட்சி நிறுவனம் நகரின் தெற்குப் பகுதிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் குழாய் போடவில்லை, அங்குள்ள ஏழைகள் லாரித் தண்ணீரையே வாங்கினார்கள். பாரிஸில் 2010 இல் தண்ணீரை நகராட்சி திரும்ப எடுத்தது, அங்கே நன்றாகவே நடக்கிறது. யார் கையில் என்பதோடு, அந்தக் கையை யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதும் இருக்கிறது. என் சிபாரிசுக் கோப்பை யாரும் கேள்வி கேட்கவில்லை.

திரும்ப வாங்குவதும் சும்மா இல்லை. நியூசிலாந்து தன் ரயில்வேயை 1993 இல் 328 மில்லியன் டாலருக்கு விற்றது. 2004 இல் பழுதுபட்ட பாதையை 1 டாலருக்குத் திரும்ப வாங்கியது, 2008 இல் ரயில்களையும் படகுகளையும் 665 மில்லியனுக்கு. எல்லாம் அவர்கள் நாட்டு டாலர்.

ஜூன் 17, இரவு

இன்னொரு நாட்டு அரசுக்கு விற்பதையும் தனியார்மயம் என்றுதான் எழுதுகிறார்கள். கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியில் கிரேக்கம் 14 விமான நிலையங்களை 40 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டது. எடுத்த கூட்டணியில் முதன்மையான ஃபிராபோர்ட் என்ற விமான நிலைய நிறுவனத்தின் பெரும்பங்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்திடமும் பிராங்க்பர்ட் நகரிடமும் இருக்கிறது. பிரிட்டனின் அணுமின் நிலையங்களை 2009 இல் வாங்கியது பிரெஞ்சு அரசின் மின்சார நிறுவனமான ஈ.டி.எஃப். அரசுக்கு வியாபாரம் வராது என்றால் இந்த அரசுகளுக்கு மட்டும் எப்படி வருகிறது?

ஜூன் 20

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2006 இல் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், கூட்டணியிலிருந்த கருணாநிதி ஆதரவை விலக்குவோம் என்றார், மன்மோகன் சிங் அரசு எல்லா நிறுவனங்களின் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தது. 2013 இல் மீண்டும் வந்தபோது ஜெயலலிதா வேறு வழி எடுத்தார்: வெளியே விற்க வேண்டாம், மாநில அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார், அப்படியே வாங்கின. எதிரெதிர்க் கட்சிகள், ஒரே நிலை. அந்த மாநிலத்தில் எந்தக் கட்சியும் அதை விற்றுவிட்டு ஓட்டுக் கேட்க முடியாது என்பதுதான் காரணம். கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இலங்கையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தரப்பு வாதத்துக்கு எதிரானது. ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தை 1998 முதல் 10 ஆண்டுகள் எமிரேட்ஸ் நிர்வகித்தது. 2007 டிசம்பரில் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, பணம் கட்டிய பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. அதன்பின் தலைமை நிர்வாகியின் விசா ரத்து செய்யப்பட்டது. 2008 இல் நிர்வாகம் அரசுக்குத் திரும்பியது, பிறகு பல ஆண்டுகள் நட்டம். முடியாது என்று சொல்லக்கூடிய ஒரு நிர்வாகி இருப்பதன் மதிப்பு, சிபாரிசுக் கடிதங்களை அடுக்கி வைத்த எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் நிறுவனம் கைமாறிய இரண்டாம் ஆண்டில் காத்திருப்போர் பட்டியலே இல்லாமல் போனது. அதையும் நான் பார்த்தேன், அன்று மகிழ்ந்தேன்.

ஜூன் 24

முதல் குறிப்பில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "ஒருவரைக்கூட வேலையிலிருந்து நீக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். எங்கள் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தனியாக எழுதியிருக்கிறார். "சார், நாங்கள் கணக்கில் இல்லையா?"

ஒப்பந்தத்தில் "ஊழியர்" என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது: இணைப்பில் உள்ள பட்டியலில் பெயர் இருப்பவர். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். நிரந்தரப் பணியாளர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழி தோண்டியவர்கள், கம்பம் நட்டவர்கள், கேபிள் சுருளைத் தோளில் தூக்கியவர்கள், அலுவலகம் பெருக்கியவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். சிலர் 12, 15 ஆண்டுகளாக எங்களோடு இருந்தவர்கள். அவர்களுடைய கூலி சம்பளத் தலைப்பில் வராது, பராமரிப்புச் செலவில் வரும், அதனால் அவர்கள் பெயரே என் புத்தகத்தில் இருந்ததில்லை. கைமாறி எட்டாவது மாதத்தில் பழைய ஒப்பந்தக்காரரை மாற்றினார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நீக்கம் என்று ஒரு தாள்கூட எழுதப்படவில்லை. சங்கமும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவர்கள் சங்கத்தில் இல்லை.

இத்தனை ஆண்டுகளாக இந்த வாக்கியத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன். எழுதியவரை எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனோடு எப்போதும் கேபிள் வேலைக்குப் போகிறவர், மேன்ஹோலுக்குள் இறங்குகிறவர் அவர்தான். நோட்டில் இருக்கும் கோடுகளில் பாதி அவர் உள்ளே இறங்கிப் பார்த்துச் சொன்னவை என்று அண்ணன் இன்று தொலைபேசியில் சொன்னார். ஞாயிறன்று இருவரையும் போய்ப் பார்க்கிறேன்.